பாடாமல் நின்ற பிள்ளைகள்

நம் தேசிய கீதத்தில் யாருடைய மத உணர்வையாவது புண்படுத்தும் சொல் ஏதாவது இருக்கிறதா? கேரள உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு, பாட்டைச் சொல் சொல்லாகப் பிரித்துப் பார்த்தது. அப்படி ஒரு சொல்லும் இல்லை என்ற முடிவுக்கு வந்தது. அந்த முடிவில் பிழை கிடையாது. ஆனால் அதை வைத்தே மூன்று பிள்ளைகளின் மனு தள்ளுபடி ஆனது, பள்ளிக் கதவு அவர்களுக்குச் சாத்தியே கிடந்தது. வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனபோது, உயர் நீதிமன்றம் தனக்குத் தானே கேட்டுக்கொண்ட கேள்வியே தவறு என்றார் நீதிபதி ஓ. சின்னப்ப ரெட்டி. பாட்டில் குறை காண அந்தப் பிள்ளைகள் வரவில்லை. வாயால் பாட என் மனசாட்சி இடம் கொடுக்கவில்லை என்று மட்டுமே அவர்கள் சொன்னார்கள். அதற்கு இந்த நாட்டின் சட்டத்தில் இடம் உண்டா என்பதுதான் நீதிமன்றத்தின் முன் இருந்த கேள்வி.

நடந்தது இதுதான். 1985 ஜூலை. கோட்டயம் மாவட்டம் கிடங்கூரில் நாயர் சர்வீஸ் சொசைட்டி நடத்திய உயர்நிலைப்பள்ளி. பத்தாம் வகுப்பில் ஒரு பையன். ஒன்பதிலும் ஐந்திலும் அவன் தங்கைகள். காலையில் பிரார்த்தனைக் கூட்டத்தில் 'ஜன கண மன' தொடங்கும்போது மூவரும் மற்றப் பிள்ளைகளோடு எழுந்து நிற்பார்கள். பாட மாட்டார்கள். யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பம். கடவுளைத் தவிர வேறு எதையும் துதித்துப் பாடக் கூடாது என்பது அவர்கள் நம்பிக்கை; எந்த நாட்டில் இருந்தாலும் அந்த நாட்டு கீதத்தை அவர்கள் பாடுவதில்லை. அதே பள்ளியில் அவர்களுடைய அக்காமாரும் இப்படியே நின்று, படித்து, போயிருந்தார்கள். யார் கண்ணையும் அது உறுத்தவில்லை.

ஒரு சட்டமன்ற உறுப்பினர் பார்த்தார். தேசபக்தி இல்லாத செயல் என்று அவருக்குப் பட்டது. சட்டமன்றத்தில் பிரச்சினையைக் கிளப்பினார். விசாரணைக்கு ஆணையம் போட்டார்கள். பிள்ளைகள் சட்டத்தை மதிப்பவர்கள், கீதத்துக்கு எந்த அவமரியாதையும் செய்யவில்லை என்று அந்த ஆணையமே சொன்னது. அப்படியும் கல்வித் துறை அதிகாரியின் உத்தரவுப்படி ஜூலை 26 அன்று தலைமையாசிரியை மூவரையும் பள்ளியை விட்டு நீக்கினார். அரசின் முடிவு வரும்வரையாவது பிள்ளைகளை வகுப்பில் உட்கார விடுங்கள் என்று தகப்பனார் போய்க் கேட்டார். என் கையில் எதுவும் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார் தலைமையாசிரியை.

தமிழ்நாட்டிலும் இந்தப் பிரிவினரைப் பார்க்காதவர்கள் குறைவு. இஸ்திரி போட்ட சட்டையும் தோள்பையுமாக இரண்டிரண்டு பேராக வந்து கதவைத் தட்டி, 'காவற்கோபுரம்', 'விழித்தெழு!' இதழ்களை நீட்டுகிறவர்கள் அவர்கள்தான். பிறந்தநாள் கொண்டாடுவதில்லை, கிறிஸ்துமஸ் இல்லை. ஓட்டுப் போடுவதில்லை, எந்த நாட்டுப் படையிலும் சேருவதில்லை, உயிர் போகிற நேரத்திலும் ரத்தம் ஏற்றிக்கொள்வதில்லை. திரித்துவக் கோட்பாட்டை ஏற்காததால் மற்றத் திருச்சபைகள் இவர்களைக் கிறிஸ்தவர்களாகவே கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. ஓட்டே போடாதவர்களுக்கு ஓட்டு வங்கி எங்கிருந்து வரும்? இவர்களுக்காக அறிக்கை விட ஒரு கட்சியும் கிடையாது, சாலையில் உட்கார ஒரு கூட்டமும் கிடையாது. சிறுபான்மைக்குள் சிறுபான்மை. மத உரிமை என்று அரசமைப்பில் எழுதி வைத்திருப்பது நிஜமா வெறும் மையா என்று பார்க்க வேண்டுமானால், இப்படிப்பட்டவர்களிடம்தான் பார்க்க வேண்டும்.

1986 ஆகஸ்ட் 11 அன்று நீதிபதிகள் சின்னப்ப ரெட்டியும் எம்.எம். தத்தும் அடங்கிய அமர்வு தீர்ப்பளித்தது. பிஜோ இம்மானுவேல் வழக்கு என்று சட்டம் படித்தவர்கள் அதைக் குறிப்பிடுவார்கள். நீதிபதிகள் முதலில் சட்டப் புத்தகத்தைத் திறந்தார்கள். தேசிய கௌரவத்துக்கு அவமதிப்பு செய்வதைத் தடுக்கும் 1971-ஆம் ஆண்டுச் சட்டம், கீதம் பாடுவதைத் தடுக்கிறவரையும் பாடும் கூட்டத்தில் கலாட்டா செய்கிறவரையும் தண்டிக்கிறது. பாடாமல் நிற்பவரைப் பற்றி அதில் ஒரு வார்த்தை கிடையாது. கல்வித் துறை அனுப்பிய சுற்றறிக்கைகளுக்குச் சட்டத்தின் பலம் இல்லை. ஒரு சுற்றறிக்கையை வைத்து அடிப்படை உரிமையை வெட்ட முடியாது. கீதம் ஒலிக்கும்போது எழுந்து நிற்பதே உரிய மரியாதை. பேச்சுரிமை என்றால் பேசாமல் இருக்கும் உரிமையும் அதில் அடங்கும். அரசமைப்பின் 25-ஆவது பிரிவு தரும் மனசாட்சிச் சுதந்திரமும் பிள்ளைகள் பக்கமே நிற்கிறது. மூவரையும் திரும்பச் சேர்த்துக்கொள்ளுங்கள், அவர்கள் தடையில்லாமல் படிக்க வழி செய்யுங்கள் என்று உத்தரவு போனது.

இதோடு விட்டிருந்தால் இது இன்னொரு பள்ளிக்கூட வழக்கு. தீர்ப்பு அதற்கு மேலும் ஒரு படி போனது. ஒரு நீதிபதிக்கு அந்த நம்பிக்கை சரியாகப் படுகிறதா, விசித்திரமாகப் படுகிறதா என்பது கணக்கிலேயே வராது. அந்த நம்பிக்கை உண்மையாக, மனசாட்சியோடு கொள்ளப்பட்டதா என்பதை மட்டும் பார்த்தால் போதும் என்றது. கண்டுகொள்ளத் தேவையில்லை என்று தோன்றுகிற அளவுக்குச் சிறிய ஒரு கூட்டம்கூடத் தன் அடையாளத்தோடு இந்த அரசமைப்பின் கீழ் வாழ முடிகிறதா என்பதை வைத்தே உண்மையான ஜனநாயகத்தை அளக்க வேண்டும் என்ற பொருளில் சின்னப்ப ரெட்டி எழுதினார். மத உரிமை பற்றி இந்திய நீதிமன்றம் எதுவும் இதைவிட நேர்மையாகப் பேசியதாகச் சொல்ல முடியவில்லை.

இதில் தத்துவச் சிக்கல் ஒன்று உண்டு. 'இது என் மதம்' என்று ஒருவர் சொல்லும்போது, ஆமாம் இல்லை என்று தீர்மானிக்கும் அதிகாரம் யாருக்கு? நம் நீதிமன்றங்கள் பெரும்பாலும் அந்த நாற்காலியில் தாங்களே உட்கார்ந்திருக்கின்றன. அதன் வேர் பழைய சென்னை மாகாணத்தில் இருக்கிறது. உடுப்பியின் சிரூர் மடத்துக்கும் சென்னை மாநில அறநிலையத் துறைக்கும் நடந்த வழக்கில், 1954-ல் உச்ச நீதிமன்றம் ஒரு கோட்டைப் போட்டது. மதம் என்பது நம்பிக்கை மட்டும் இல்லை, சடங்கும் வழிபாடும் சேர்ந்தது. எது ஒரு மதத்துக்கு இன்றியமையாதது என்பதை அந்த மதத்தின் கோட்பாடுகளிலிருந்தே கண்டுபிடிக்க வேண்டும். நல்ல நோக்கத்தோடு போட்ட கோடு. ஆனால் போகப் போக, இன்றியமையாதது எது, ஒட்டிக்கொண்ட மூடநம்பிக்கை எது என்று நீதிபதிகளே சலித்துப் பிரிக்கத் தொடங்கினார்கள். 1961-ல் அஜ்மீர் தர்கா வழக்கில் நீதிபதி கஜேந்திரகட்கர் அந்தச் சல்லடையை வெளிப்படையாகவே கையில் எடுத்தார்.

சட்டம் படித்த ஒருவர் திடீரென்று வேதபாரகராகவும் ஆலிமாகவும் ஆகமப் பண்டிதராகவும் மாற வேண்டிய நிலை அப்படித்தான் வந்தது. இந்த முறையில் அடிபடுவது எப்போதும் சிறிய கூட்டம்தான். பெரிய மதத்தின் வழக்கங்கள் நீதிபதி வளர்ந்த வீட்டிலேயே இருப்பவை, அவருக்கு அவை இயல்பாகத் தெரியும். முன்பின் கேள்விப்படாத கூட்டத்தின் வழக்கம்தான் 'இது எதற்கு?' என்று கேட்க வைக்கும். கிடங்கூர்ப் பிள்ளைகளை இந்தச் சல்லடையில் போட்டிருந்தால் அவர்கள் தேறியிருக்க மாட்டார்கள். பாடாமல் இருப்பது கிறிஸ்தவத்துக்கு இன்றியமையாததா என்று கேட்டால், உலகக் கிறிஸ்தவர்களில் மிகப் பெரும்பாலோர் தத்தம் நாட்டு கீதத்தைப் பாடுகிறவர்கள் என்ற பதில் தயாராக இருக்கிறது.

சின்னப்ப ரெட்டிக்கு இந்த விஷயத்தில் முன்பே ஒரு தெளிவு இருந்தது. 1982-ல் ஆரோவில் வழக்கில், அரவிந்தரின் போதனை ஒரு தத்துவமே, மதம் ஆகாது என்ற நிலையை எடுத்துப் பெரும்பான்மை நீதிபதிகள் தீர்ப்பளித்தபோது, அவர் தனித் தீர்ப்பு எழுதினார். மதம் என்ற சொல்லுக்குக் குறுகிய வேலி போடாதீர்கள், விரிவாகப் பொருள் கொள்ளுங்கள் என்பது அதன் சாரம். நான்கு வருடம் கழித்து அதே மனது கிடங்கூர் வழக்கில் வேலை செய்தது.

அந்த வழி பிறகு பெருவழியாக ஆகவில்லை என்பது வருத்தம். 2022 மார்ச்சில் கர்நாடக உயர் நீதிமன்றம், ஹிஜாப் இஸ்லாத்துக்கு இன்றியமையாதது இல்லை என்ற காரணத்தை முன்வைத்தே மாணவிகளின் மனுக்களைத் தள்ளியது. உச்ச நீதிமன்றத்தில் அக்டோபர் 13 அன்று இரு நீதிபதிகளும் இரு பக்கமாகப் பிரிந்தார்கள். மாணவிகளுக்கு ஆதரவாக எழுதிய நீதிபதி சுதான்ஷு தூலியா முக்கியமாகப் பற்றிக்கொண்டது கிடங்கூர்த் தீர்ப்பையே. இன்றியமையாமை பற்றிய ஆராய்ச்சியே இந்த வழக்குக்குத் தேவையில்லை என்றார் அவர். ஓர் இந்துப் பெரும்பான்மை நாட்டில் ஒரு சிறு கிறிஸ்தவப் பிரிவின் பிள்ளைகள் வாங்கித் தந்த தீர்ப்பு, முஸ்லிம் மாணவிகளுக்குக் கைகொடுக்க வந்தது. உரிமைகள் இப்படித்தான் ஊர் மாறிப் பயணம் போகின்றன.

நம்பிக்கையைத் தீர்மானிக்கும் வேலையை அரசு முழுவதுமாகத் தன் கையில் எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்குப் பாகிஸ்தான் கண்முன் இருக்கிறது. 1948-ல் உலக மனித உரிமைப் பிரகடனம் ஐ.நா. சபையில் விவாதத்துக்கு வந்தபோது, 18-ஆவது பிரிவில் மதம் மாறும் உரிமை இருப்பதைச் சவூதி அரேபியா எதிர்த்தது. எழுந்து அந்தப் பிரிவை ஆதரித்தவர் பாகிஸ்தான் வெளியுறவு அமைச்சர் ஜஃபருல்லா கான். குர்ஆனையே சான்று காட்டிப் பேசினார். அவர் அஹ்மதியா பிரிவைச் சேர்ந்தவர். 1953-ல் அஹ்மதியாக்களுக்கு எதிராகப் பஞ்சாபில் கலவரம் நடந்தபின் அதை விசாரித்த நீதிபதி முனீர் குழு, முஸ்லிம் என்பவர் யார் என்று உலமாக்களை ஒவ்வொருவராகக் கேட்டது. எந்த இருவரின் பதிலும் ஒத்துப்போகவில்லை என்று அறிக்கையில் பதிவு செய்தது. அறிஞர்களால் முடியாததை 1974-ல் நாடாளுமன்றம் வாக்கெடுத்து முடித்தது. அஹ்மதியாக்கள் முஸ்லிம்கள் இல்லை என்று அரசமைப்பைத் திருத்தினார்கள். 1984-ல் அவசரச் சட்டம் ஒன்று வந்தது. அதன்பின் ஓர் அஹ்மதியா தன்னை முஸ்லிம் என்று சொன்னாலோ, தொழுமிடத்தை மசூதி என்றாலோ, பாங்கு சொன்னாலோ மூன்று வருடம் வரை சிறை.

இதே கேள்வி 1922-லேயே சென்னை உயர் நீதிமன்றத்தின் முன் வந்ததைப் பலரும் அறிய மாட்டார்கள். மலபாரில் ஒருவர் அஹ்மதியா பிரிவில் சேர்ந்தார். அவர் மதத்தை விட்டே போய்விட்டார், எனவே திருமணம் முறிந்துவிட்டது என்று கருதி மனைவி வேறொருவரை மணந்தார். அஹ்மதியா ஆனதால் ஒருவர் முஸ்லிம் இல்லாமல் போய்விட மாட்டார் என்று சென்னையில் தீர்ப்பு சொன்னார்கள். அங்கே நாடாளுமன்றம் விரட்டிய ஒரு கூட்டத்துக்கு ஐம்பது வருடம் முன்பே இங்கே ஒரு நீதிமன்றம் இடம் கொடுத்திருந்தது.

பாடாத பிள்ளைகளிடம் திரும்புவோம். கிடங்கூருக்கு ஐம்பது வருடம் முன்பு, 1935-ல், அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் மைனர்ஸ்வில் என்ற சுரங்க ஊரில் இதே பிரிவைச் சேர்ந்த பன்னிரண்டு வயதுச் சிறுமியும் பத்து வயதுத் தம்பியும் கொடிக்கு வணக்கம் செலுத்த மறுத்துப் பள்ளியிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு வந்து தீர்ப்பானது 1940 ஜூன் 3-ல். பிரான்ஸ் ஹிட்லர் காலடியில் விழுந்துகொண்டிருந்த வாரங்கள் அவை. எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் பிள்ளைகள் தோற்றார்கள். தேச ஒற்றுமையே தேசப் பாதுகாப்பின் அடித்தளம் என்று பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் ஃபெலிக்ஸ் ஃப்ராங்க்ஃபர்ட்டர், வியன்னாவில் பிறந்த யூதர். தீர்ப்பைக் கேட்ட ஊர்க் கும்பல்களுக்கு அனுமதிச் சீட்டு கிடைத்த மாதிரி ஆகிவிட்டது. ஒரு வாரத்துக்குள் மெய்ன் மாநிலம் கென்னபங்க் ஊரில் சாட்சிகளின் கூட்ட அரங்கைக் கொளுத்தினார்கள். பல மாநிலங்களில் அவர்களை அடித்தார்கள், ஊரை விட்டுத் துரத்தினார்கள்.

அப்போது அமெரிக்கப் பள்ளிகளில் கொடி வணக்கம் எப்படி இருந்தது என்று தெரிந்தால் ஆச்சரியமாக இருக்கும். வலது கையை நேராகக் கொடியை நோக்கி நீட்ட வேண்டும். நாஜிகள் கை நீட்டுவதற்கும் அதற்கும் வித்தியாசம் காண்பது கடினம். 1942 டிசம்பரில்தான், கையை நெஞ்சில் வைத்தால் போதும் என்று அமெரிக்க நாடாளுமன்றம் மாற்றியது. அதற்குள் நீதிபதிகளுக்கும் உறுத்தத் தொடங்கிவிட்டது. 1940-ல் பெரும்பான்மையோடு நின்ற பிளாக், டக்ளஸ், மர்ஃபி மூவரும் 1942-ல் வேறொரு வழக்கில், அன்று நாங்கள் சொன்னது தவறு என்று வெளிப்படையாக எழுதினார்கள். 1943 ஜூன் 14 அன்று மேற்கு வர்ஜீனியாவிலிருந்து வந்த பார்னெட் வழக்கில் நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்று பழைய தீர்ப்பைத் தூக்கி எறிந்தது. நாட்டின் மீது பற்று வைப்பது எப்படி என்று எந்த அதிகாரியும் குடிமகனின் வாய்க்குள் சொற்களைத் திணிக்க முடியாது என்பது நீதிபதி ராபர்ட் ஜாக்சன் எழுதிய தீர்ப்பின் சாரம். இரண்டு வருடம் கழித்து நியூரம்பெர்க்கில் நாஜித் தலைவர்களைக் கூண்டில் ஏற்றி வாதாடிய தலைமை வழக்கறிஞர் அதே ஜாக்சன்தான்.

அந்த நாஜிகளின் முகாம்களிலும் சாட்சிகள் இருந்தார்கள். கைதிகளை வகைப்படுத்த உடையில் நிறத் துணி தைத்த அமைப்பில் இவர்களுக்கு ஊதா முக்கோணம். 'ஹைல் ஹிட்லர்' சொல்ல மறுத்தார்கள், படையில் சேர மறுத்தார்கள். யூதருக்கும் ரோமா மக்களுக்கும் கிடைக்காத ஒரு வாய்ப்பு இவர்களுக்கு இருந்தது. முகாம் அதிகாரியின் மேசையில் அச்சடித்த படிவம் ஒன்று இருக்கும். இந்த மதம் பொய்ப் போதனை என்று உணர்ந்துவிட்டேன், இனி இதில் சேர மாட்டேன், அப்படி யாராவது வந்து பேசினால் காட்டிக்கொடுப்பேன் என்பது அதன் வாசகம். கீழே கையெழுத்துப் போட்டால் விடுதலைக்கு வழி. போட்டவர்கள் சிலரே. 1939 செப்டம்பர் 15 அன்று சாக்ஸன்ஹௌசன் முகாமில், படையில் சேர மறுத்த ஆகஸ்ட் டிக்மன் என்ற சாட்சியை மற்றக் கைதிகளை வரிசையாக நிறுத்திவைத்து அவர்கள் கண்முன் சுட்டுக் கொன்றார்கள். நாஜி ஆட்சியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாட்சிகள் உயிரிழந்தார்கள்.

ஒரு கையெழுத்தில் அப்படி என்ன இருக்கிறது என்று தோன்றலாம். உள்ளே நம்பிக்கையை வைத்துக்கொண்டு வெளியே போட்டுவிட்டு வந்திருக்கலாமே? கிடங்கூர்ப் பிள்ளைகளிடமும் இதையே கேட்டிருப்பார்கள்: உதட்டை அசைத்துவிட்டுப் போனால் என்ன? மனசாட்சி என்ற சொல்லுக்குப் பொருள் இந்த இடத்தில்தான் பிடிபடுகிறது. உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்று வாழ முடியாதவர்கள் எல்லா மதத்திலும் இருக்கிறார்கள், மதமே இல்லாதவர்களிலும் இருக்கிறார்கள். ஐ.நா. மனித உரிமைக் குழு 1993-ல் தந்த விளக்கம், கடவுள் நம்பிக்கை உள்ளவருக்கும் மறுப்பவருக்கும் இந்தப் பாதுகாப்பு சமமாகப் பொருந்தும் என்கிறது. உதட்டசைவை மட்டும் கேட்கிற அரசு, குடிமக்களுக்குப் பொய் சொல்லப் பழக்குகிறது. பத்து வயதுப் பிள்ளைக்கு ஒரு பள்ளி அதைக் கற்றுத்தரலாமா?

இதற்கு எல்லையே இல்லையா என்ற கேள்வி நியாயமானது. உண்டு. 25-ஆவது பிரிவே பொது ஒழுங்கு, நன்னெறி, சுகாதாரம், மற்ற அடிப்படை உரிமைகள் ஆகியவற்றுக்கு உட்பட்டே மத உரிமையைத் தருகிறது. கோயில் கதவை எல்லா இந்துக்களுக்கும் திறந்துவிடும் சட்டத்தை அதே பிரிவு அனுமதிக்கிறது. தீண்டாமையை மத நம்பிக்கை என்று சொல்லி எவரும் தப்ப முடியாது. பார்னெட் தீர்ப்புக்கு மறு வருடம், 1944-ல், அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதே சாட்சிகளுக்கு எதிராக ஒரு தீர்ப்பு தந்தது. தெருவில் மத இதழ்களை விற்க ஒரு சிறுமியை அழைத்துப்போன பாதுகாவலரின் வழக்கு அது. பெரியவர்கள் தம் நம்பிக்கைக்காகத் தம்மைத் தியாகம் செய்துகொள்ளலாம், பிள்ளைகளைத் தியாகம் செய்ய உரிமை இல்லை என்றது நீதிமன்றம். வயதுவந்த ஒருவர் தனக்கு ரத்தம் வேண்டாம் என்று சொல்வதும், ரத்தம் இல்லாமல் பிழைக்காத குழந்தைக்குப் பெற்றோர் அதையே சொல்வதும் ஒன்றாகாது. அங்கே குழந்தையின் உயிர் பக்கம்தான் சட்டம் நிற்க வேண்டும். அடுத்தவர் உடம்புக்கும் மானத்துக்கும் கேடு வரும் இடத்தில் கோடு போடலாம். எழுந்து நின்று வாய் மூடியிருக்கும் சிறுமியால் யாருக்கு என்ன கேடு?

கிடங்கூர்த் தீர்ப்பு வந்து முப்பது வருடம் ஆனபோது, 2016 நவம்பர் 30 அன்று, அதே உச்ச நீதிமன்றத்தின் வேறோர் அமர்வு, திரையரங்குகளில் படத்துக்கு முன் கீதம் ஒலிக்க வேண்டும், எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும் என்று இடைக்கால உத்தரவு போட்டது. உத்தரவு வருவதற்குச் சில வாரங்கள் முன்பே கோவாவில் சக்கர நாற்காலியில் இருந்த எழுத்தாளர் ஒருவரை, எழுந்து நிற்கவில்லை என்று அரங்கில் தாக்கியிருந்தார்கள். உத்தரவுக்குப் பின் சென்னையிலும் ஒரு திரையரங்கில் எழாத இளைஞர்கள் அடிவாங்கினார்கள். 2018 ஜனவரி 9 அன்று நீதிமன்றம் உத்தரவைத் தளர்த்தி, கீதம் ஒலிப்பதை அரங்குகளின் விருப்பத்துக்கு விட்டது. கென்னபங்குகள் எங்கோ தூரத்தில் இல்லை என்று காட்டிய பதின்மூன்று மாதங்கள் அவை.

தமிழ் வாசகருக்குச் சங்கடமான உதாரணம் ஒன்றும் சொல்லியாக வேண்டும். 2018 ஜனவரியில் சென்னையில் ஒரு நூல் வெளியீட்டு விழாவில் தமிழ்த்தாய் வாழ்த்து ஒலித்தபோது காஞ்சி மடத்து விஜயேந்திரர் எழாமல் உட்கார்ந்திருந்தார். தமிழகம் கொதித்தது. அதையொட்டி நடந்த போராட்டம் தொடர்பான வழக்கில் 2021 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், தமிழ்த்தாய் வாழ்த்து ஒரு பிரார்த்தனைப் பாடல், கீதம் ஆகாது, அதற்கு எழுந்து நிற்கச் சட்டக் கட்டாயம் இல்லை என்றது. சில நாட்களில் தமிழக அரசு அதை மாநிலப் பாடலாக அறிவித்து, மாற்றுத்திறனாளிகள் தவிர அனைவரும் எழ வேண்டும் என்று அரசாணை வெளியிட்டது. மொழிப்பற்று உள்ள எவருக்கும் அந்தக் காட்சி வலித்திருக்கும், அந்த வலியைக் கொச்சைப்படுத்தத் தேவையில்லை. கண்டிக்கலாம், எழுதலாம், அந்த மடத்தை மதிக்காமல் விடலாம். ஆனால் கிடங்கூர்ச் சிறுமிக்கு நாம் கேட்கிற இடத்தை, நமக்குப் பிடிக்காத ஒரு மடாதிபதிக்குத் தர மறுத்தால், நாம் கேட்டது உரிமை ஆகாது, சலுகைதான்.

2023 அக்டோபர் 29, ஞாயிற்றுக்கிழமை. கொச்சி அருகே களமசேரியில் யெகோவாவின் சாட்சிகளின் மாநாட்டு அரங்கில் பிரார்த்தனை நேரத்தில் குண்டுகள் வெடித்தன. பன்னிரண்டு வயதுச் சிறுமி உட்படப் பலர் உயிரிழந்தார்கள். யார் செய்தது என்று தெரியும் முன்பே சமூக ஊடகங்களில் முஸ்லிம்கள் மீது பழி பறந்தது. பிறகு போலீசில் சரணடைந்தவர் அந்தச் சபையிலேயே முன்பு இருந்தவர். அதற்கு முன் அவர் வெளியிட்ட காணொளியில், இவர்கள் தேசவிரோதப் போதனை செய்கிறார்கள், தேசிய கீதம் பாடக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று குற்றம் சாட்டியிருந்தார். 1985-ல் ஒரு சட்டமன்ற உறுப்பினரின் வாயில் வந்த அதே குற்றச்சாட்டு, 38 வருடம் கழித்து வெடிகுண்டுக்கு நியாயமாகச் சொல்லப்பட்டது. இடையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பே சொல்லியிருந்தும், அதை மக்களிடம் யாரும் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை.

அரசியல் நிர்ணய சபையில் 1948 நவம்பர் 4 அன்று அம்பேத்கர் பேசும்போது, சிறுபான்மைப் பாதுகாப்பை வெறுக்கும் கடும்போக்காளர்களுக்கு ஒன்றைச் சொன்னார். சிறுபான்மையினர் தம் வாழ்வைப் பெரும்பான்மையின் கையில் நம்பி ஒப்படைத்திருக்கிறார்கள். பாகுபாடு காட்டக் கூடாது என்ற தன் கடமையைப் பெரும்பான்மைதான் உணர வேண்டும் என்பது அந்தப் பேச்சின் சாரம். அடுத்த மாதம் 25-ஆவது பிரிவின் வரைவு விவாதத்துக்கு வந்தபோது, மதத்தைப் பரப்பும் உரிமை அதில் இருக்கலாமா என்று சபை மோதிக்கொண்டது. ஆதரித்துப் பேசியவர்களில் சென்னை மாகாணத்து டி.டி. கிருஷ்ணமாச்சாரி ஒருவர். கிறிஸ்தவக் கல்வி நிலையங்களில் பல வருடம் படித்தேன், என்னை மதம் மாற்ற யாரும் முயலவில்லை என்று தன் அனுபவத்தையே சான்றாக வைத்தார். பெரும்பான்மையைச் சேர்ந்த ஒருவர் சிறுபான்மைக்காகச் சபையில் எழுந்து பேசிய அந்தப் பழக்கம் இன்று அரிதாகிவிட்டது.

பிஜோ இம்மானுவேல் தீர்ப்பை எந்தப் பெரிய அமர்வும் இன்றுவரை ரத்து செய்யவில்லை. கீதத்துக்கு எழுந்து நின்று, பாடாமல் இருக்கும் பிள்ளையைப் பள்ளியை விட்டு நீக்குவது இந்தியாவில் இப்போதும் சட்டவிரோதம். தலைமையாசிரியர்களும் கல்வி அலுவலர்களும் இதைத் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். நாளை ஒரு பெற்றோரோ உள்ளூர்ப் பிரமுகரோ புகாரோடு வந்து நின்றால், 'என் கையில் எதுவும் இல்லை' என்று சொல்லத் தேவையில்லை. 1986 ஆகஸ்ட் 11-ஆம் தேதித் தீர்ப்பின் நகலை எடுத்துக் காட்டிவிட்டு, அந்தப் பிள்ளையை வகுப்புக்கு அனுப்புங்கள்.